பயிரை மேயாத பூவேலி

உழவைப் பற்றிக் கூறவந்த வள்ளுவர், எருவிடுதலை உழுதலுக்கு மேலாகவும், பயிர்க்காவலை நீர்பாய்ச்சுதலுக்கு மேலாகவும் வைத்தார். காவலில்லாத தோட்டத்தில் இட்ட பசளையும் பாய்ச்சிய நீரும் ஓரிரவிலேயே மாட்டின் வாய்க்குப் போய்விடும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆயினும், காவலுக்கென நட்ட வேலியே பயிருக்குப் பகையாவதும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழி பெரும்பாலும் மனிதரைக் குறித்து வழங்குவது. மரக்கறித் தோட்டத்திலோ அது சொல்லுக்குச் சொல் உண்மையாகலாம். வேலிச்செடியின் வேர் பாத்தியின் பசளையை உண்ணும். அதன் நிழல் நாற்றை மெலிவிக்கும். அதன் தளிரில் வளர்ந்த பூச்சி பயிருக்குப் பரவும். அதன் அடியிற் பகலை உறங்கிக் கழித்த நத்தை இரவில் நாற்றைத் தின்னும்.

பூச்செடி வேலி வீட்டுக்கு அழகு, வழிபாட்டுக்கு மலர், தேனீக்கு உணவு, நிலத்துக்குக் குழை. இத்தனை நன்மையும் கிடைக்க வேண்டுமாயின், செடியைத் தெரிவு செய்யும்போது பூவின் நிறத்தை மாத்திரம் பார்த்தல் போதாது. உள்ளே விளையும் பயிர் எது என்பதை முதலிற் பார்த்து, அதற்குப் பகையாகாத செடியை வேலியில் வைத்தல் வேண்டும்.

குண்டசாலையின் நிலமும் மழையும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியில், தும்பறைப் பள்ளத்தாக்கில், மகாவலி கங்கையை அடுத்து அமைந்துள்ளது குண்டசாலை. 1707ஆம் ஆண்டு முதல் 1739ஆம் ஆண்டு வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை அரசன் எனவே அழைக்கப்பட்டான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பள்ளத்தாக்கிற் கொக்கோத் தோட்டங்கள் பெருகின. இன்று இங்கு விவசாயக் கல்லூரி இயங்குகின்றது. தாழ்நிலங்களில் நெல்லும், சரிவுகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மரக்கறியும் பயிராகின்றன.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 அடி உயரத்திலுள்ள இவ்விடத்தில் உறைபனி இல்லை, கடுங்குளிரும் இல்லை. ஒக்டோபர் மாதந் தொடங்கும் மழை பெரும்போகத்தை நடத்தித் தருகின்றது. ஏப்பிரலில் வரும் மழை சிறுபோகத்துக்கு உதவுகின்றது. சனவரி இறுதி முதல் மார்ச்சு வரை நிலம் காயும். வேலி நடுதலும் கத்தரித்தலும் இந்த ஒழுங்கை அனுசரித்தே நடைபெறல் வேண்டும்.

சரிவான நிலமே இப்பகுதியின் பெருங்கவலை. பெருமழையில் மேல்மண் கரைந்து ஓடைகள் வழியே மகாவலியைச் சேர்கின்றது. குண்டசாலைக்கு அருகேயுள்ள பொல்கொல்லை அணை 1976ஆம் ஆண்டிலும், கீழேயுள்ள விக்டோரியா அணை 1985ஆம் ஆண்டிலும் பயன்பாட்டுக்கு வந்தன. மேட்டுநிலத்தின் மண் இத்தகைய நீர்நிலைகளிற் சென்று படிதல் நாட்டுக்கு நட்டம். அதற்கு முன்னரே அது கமக்காரருக்கு நட்டம். மண்காப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, சரிவிற் குறுக்காக நின்று மண்ணைத் தடுக்கும் உயிர்வேலி ஒவ்வொரு மழையிலும் அவ்வேலையைச் செய்கின்றது.

வேலியும் பயிரும் ஒரே குடும்பமாதல் ஆகாது

தாவரங்களுக்குள்ளும் குடும்பமும் உறவும் உண்டு. ஒரு குடும்பத்துச் செடியைத் தாக்கும் பூச்சியும் நோயும் பெரும்பாலும் அக்குடும்பத்தின் ஏனைய செடிகளையும் நாடும். பயிரை அறுவடை செய்து பாத்தியை வெறுமையாக விட்டாலும், வேலியில் அதன் உறவுச்செடி ஆண்டு முழுவதும் தளிர்த்து நிற்குமாயின், பூச்சி பட்டினி கிடப்பதில்லை. அடுத்த போகத்தின் நாற்று வந்தவுடன் அது வேலியிலிருந்து பாத்திக்கு இறங்கிவிடும். பயிர் மாற்றிச் செய்யும் முயற்சியும் இதனாற் பாதி வீணாகும்.

செவ்வரத்தை இதற்குத் தக்க உதாரணம். சிங்களத்தில் வத எனப்படும் இச்செடி கண்டிப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் பூவேலி. இதுவும் வெண்டியும் ஒரே குடும்பம், பூவரசும் அக்குடும்பமே. வெண்டியின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன், வெண் ஈ, வெண்மூட்டுப்பூச்சி ஆகியவை செவ்வரத்தையிலும் வாழும். வெண்டியில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவது வெண் ஈயே. ஆதலால் வெண்டிப் பாத்தியை ஒட்டிச் செவ்வரத்தை வேலி அமைத்தல், பகைவனுக்கு வாயிலிலேயே விடுதி கட்டிக் கொடுத்தலை ஒக்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய், கறிமிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை மற்றொரு குடும்பம். இரவில் மணக்கும் இராக்காலராணியும் ஊமத்தை வகைகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மணத்தை விரும்பி இவற்றை வளர்ப்போர் வீட்டு முற்றத்தில் வைத்தல் நன்று. மரக்கறித் தோட்டத்தின் எல்லையில் வைத்தலாகாது.

வெண்ணிறப் பூவும் நறுமணமும் உடைய முறாயா, சிங்களத்தில் எட்டேரியா, வெட்டிவிட வெட்டிவிட அடர்ந்து சுவர்போல் நிற்கும். ஆயினும் அது எலுமிச்சை, தோடை, கறிவேப்பிலை ஆகியவற்றின் உறவு. எலுமிச்சை இனங்களிற் பச்சைப்படல் நோயைப் பரப்பும் சிறு தத்துப்பூச்சி முறாயாவின் தளிரை மிக விரும்பி முட்டையிடும். தோடை அல்லது எலுமிச்சை உள்ள தோட்டத்துக்கு இவ்வேலி பொருந்தாது.

வெட்சி கோப்பியின் உறவு. கோப்பியைத் தாக்கும் பச்சைச் செதிற்பூச்சி வெட்சியிலும் வாழும். ஆகவே கோப்பிச் செடிகளை அடுத்து வெட்சியை நடாது, மரக்கறிப் பாத்திகளின் பக்கத்தில் நடுதல் வேண்டும். இவ்வாறே சீமைக்கிளுவை பயற்றைக்கும் போஞ்சிக்கும் உறவு. அதன் இளந்தளிரிற் கருநிற அழுக்கணவன் சேர்வதுண்டு. அது பயற்றையையும் தாக்கும். பயற்றை விதைக்கும் முன்னர் அவ்வேலியின் தளிரை வெட்டிவிடுதல் நன்று.

தோட்டத்துக்கு ஏற்ற செடிகள்

ஆடாதோடை. ஆடு தொடாதது ஆடாதோடை என்பர். சிங்கள மக்கள் இதனைப் பாவட்டா என அழைப்பர். வெண்ணிறப் பூவில் ஊதாக் கோடுகள் காணப்படும். கால்நடை இதன் இலையை நாடுவதில்லை; ஆதலால் மாடும் ஆடும் திரியும் பாதையோரத்துக்கு இதுவே முதன்மையானது. மரக்கறிப் பயிர்களுள் இதற்கு உறவில்லை. இதன் குழை நெல்வயலுக்கு நெடுங்காலமாக இடப்பட்டு வரும் பசளை. தடியிலிருந்து எளிதில் வேர்விடும்.

நொச்சி. பழந்தமிழர் போர்முறையில், மதிலைக் காத்து நின்ற வீரர் சூடிய மலர் நொச்சி. காவலுக்குரிய அம்மலர், வயற்கரைக்கும் பொருத்தமான வேலியாதல் வியப்பன்று. சிங்களத்தில் நிக்க எனப்படும். நீர் தேங்கும் வாய்க்காற் கரையையும் வறட்சியையும் தாங்கும். ஊதாநிறப் பூங்கொத்துத் தேனீக்களை அழைக்கும். உலர்ந்த இலையை நெல்லுடன் இட்டுவைத்துப் பூச்சியைத் தவிர்க்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு.

நந்தியாவட்டை. சிங்களத்தில் வத்துசுத்த. ஆண்டு முழுவதும் பூக்கும். நிழலையும் ஓரளவு தாங்கும். வழிபாட்டுக்கு நாள்தோறும் மலர் தரும். ஒடித்தாற் பால் வடியும். இதன் இலையைத் தின்னும் பெரிய பச்சைப் புழு மரக்கறிகளுக்கு வருவதில்லை. கையாற் பிடித்து அழித்தலே போதும்.

வெட்சி. சிங்களத்தில் ரத்மல். குறுகிய வேலிக்குச் சிறந்தது. மெதுவாக வளர்வதால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பு பூசிய சுவரை ஒட்டியோ, சுண்ணாம்பு அல்லது டொலமைற்று இட்ட பாத்தியை ஒட்டியோ நட்டால், நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். நோயென எண்ணி மருந்து தெளித்தல் வீண். அடியில் மக்கிய இலையையும் கூட்டெருவையும் இடுவதே பரிகாரம்.

செவ்வரத்தை. விரைவாக வளரும், பூ மிகுதி. வெண்டி பயிரிடாத தோட்டத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் ஏற்றது.

சீமைக்கிளுவை. கிளிரிசீடியா என்பதும் இதுவே. சிங்களத்தில் வெட்டஹிரியா, வெட்டமாரா முதலிய பெயர்கள் வழங்கும். மத்திய அமெரிக்காவிற் கொக்கோவுக்கு நிழலாக நடப்பட்டு, கொக்கோவின் தாய் எனப் பொருள்படும் பெயரையும் பெற்றது. 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசு இதனைத் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. வறண்ட மாதங்களில் இலையுதிர்ந்த கிளைகளில் இளஞ்சிவப்புப் பூக் கொத்துக் கொத்தாக மலரும்.

நட்டலாகாதவையும் சில உள. அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய கிளையை மாடு தின்றாலும் உயிருக்கு ஆபத்து. துரந்தாவின் மஞ்சட் காய் நஞ்சாதலால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நாயுண்ணியின் பூ பல நிறங்காட்டி மயக்கும். ஆனாற் பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைத் தூவுவதால், அது வேலியைக் கடந்து தரிசையும் காட்டையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. அதன் இலை கால்நடைகளுக்கும் தீங்கானது.

தடி தயாரித்தலும் நடுதலும்

இச்செடிகளுட் பெரும்பாலானவை தண்டுத் துண்டுகளாலேயே பெருக்கப்படுகின்றன. நோயற்ற தாய்ச்செடியிற் பென்சில் பருமனுள்ள, மிக இளமையும் மிக முதிர்வும் இல்லாத கிளையைத் தெரிந்து, 6 முதல் 8 அங்குல நீளத்துண்டுகளாக வெட்டுதல் வேண்டும். ஒவ்வொன்றிலும் 3 அல்லது 4 கணுக்கள் இருத்தல் நன்று. அடிவெட்டு கணுவுக்குக் கீழே சரிவாகவும், நுனிவெட்டு நேராகவும் இருந்தால், தலைகீழாக நடும் தவறு நேராது. கீழிலைகளை நீக்கி, மேலே ஓரிரு இலைகளைப் பாதியாக நறுக்கி விடுதல் வேண்டும்.

மணலும் மேல்மண்ணும் மக்கிய கூட்டெருவும் சமமாகக் கலந்து நிரப்பிய பைகளிலோ, நிழலிலுள்ள நாற்றுமேடையிலோ இத்துண்டுகளை மூன்றில் இருபங்கு புதையுமாறு நடலாம். மண் ஈரமாக இருத்தல் வேண்டும், சேறாக இருத்தலாகாது. ஆடாதோடையும் செவ்வரத்தையும் ஓரிரு மாதங்களில் வேர்விடும். வெட்சி அதனினும் தாமதிக்கும். செத்தெம்பர் இறுதியில் நடுவதற்குச் செடி ஆயத்தமாக வேண்டுமாயின், யூன் மாதத்திலேயே துண்டுகளை வைத்துவிடல் வேண்டும். துளிர்விட்ட அளவில் வேர்விட்டது எனக் கொள்ளலாகாது. மெல்ல இழுத்துப் பார்த்துப் பிடிப்பு இருந்தால் மாத்திரமே மாற்றி நடலாம்.

வேலி அமையும் இடத்திற் கயிறு கட்டி, ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமுள்ள அகழியை மழைக்கு முன்னரே வெட்டி ஆறவிடுதல் வேண்டும். மேல்மண்ணையும் கூட்டெருவையும் கலந்து நிரப்பி, ஒக்டோபர் மழையில் நிலம் நன்கு நனைந்தபின் நடுதல் வேண்டும். வெட்சிக்கு 1 முதல் 1½ அடியும், செவ்வரத்தை, நந்தியாவட்டை, ஆடாதோடை ஆகியவற்றுக்கு 2 அடியும், நொச்சிக்கு 2 முதல் 3 அடியும் இடைவெளி போதும். அடர்த்தி வேண்டுவோர் இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் செடி மறுவரிசையின் இடைவெளிக்கு நேரே வருமாறு நடுதல் நன்று.

சீமைக்கிளுவையைக் கதியாலாக நடுவதாயின், ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்த, 1 முதல் 2 அங்குலப் பருமனுள்ள கிளையை 5 அல்லது 6 அடி நீளத்தில் வெட்டி, அலவாங்காற் குழி எடுத்து ஓரடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குதல் வேண்டும். கதியாலின் தலையில் அடித்து இறக்கினால் அடித்தோல் உரிந்து அழுகிவிடும். கதியாலிலிருந்து வளரும் மரத்தின் வேர் பெரிதும் மேலோடியாகவே இருக்கும். ஆதலால் மண் பிடித்து நிற்க வேண்டிய சரிவுநிலத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றையே நடுதல் சிறந்தது.

சரிவில் வேலிவரிசை மேலிருந்து கீழாகச் செல்லலாகாது. சம உயரத்திற் குறுக்காகச் செல்ல வேண்டும். மூன்று தடிகளால் ஏணிக்கால்போற் கட்டி, நடுவே கல் தொங்கவிட்ட சட்டமொன்றினாற் சமமட்டக் கோட்டைக் கமக்காரர் தாமே குறித்துக்கொள்ளலாம். ஒன்றரை அடி இடைவிட்ட இரட்டை வரிசைகளை 15 முதல் 20 அடிக்கு ஒன்றாக அமைத்து, இடையே பயிர் செய்தல் வேண்டும். இம்முறை 1970களிற் பிலிப்பைன்சு நாட்டின் மிண்டனாவோவில் உருப்பெற்று, இலங்கையின் மலைச்சரிவுகளிலும் கைக்கொள்ளப்பட்டது. வெட்டிய குச்சிகளை வேலியின் மேற்பக்கத்தில் அடுக்கி வைத்தால், கரைந்துவரும் மண் அங்கே தங்கி, சில ஆண்டுகளிற் சரிவு படியாக மாறும்.

கத்தரிக்கும் முறை

பூவேலி பாழாவதற்கு முதற்காரணம், இளமையில் வெட்ட மனம் வராமையாகும். நட்ட செடி ஓரடி வளர்ந்தவுடன் அதனை அரையடிக்கு வெட்டிவிடுதல் வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்து பல கிளைகள் தோன்றும். அவை மீண்டும் ஓரடி வளர்ந்ததும் பாதி வெட்டுதல் வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்யாது உயரவிட்ட வேலி, மேலே குடைபோற் படர்ந்து, கீழே பன்றியும் கோழியும் நுழையும் வாயிலாகும்.

வேலியின் அடி அகலமாகவும் தலை குறுகியும் இருத்தல் வேண்டும். தலை அகன்றால் அடிக்கு வெயில் கிடையாது. வெயில் கிடையாத கிளை இலையுதிர்ந்து காயும். ஒருமுறை வெறுமையான அடி மீளத் தளிர்ப்பது அரிது.

எப்போது வெட்டுவது என்பதைப் பூவே தீர்மானிக்கின்றது. செவ்வரத்தை புதுத்தளிரிற் பூக்கும். ஆதலால் வெட்டியபின் சில வாரங்களில் மீண்டும் பூ வரும். வெட்சியோ கிளையின் நுனியிற் பூக்கும். அதனை மாதந்தோறும் மட்டமாக நறுக்குவோர் பூமொட்டுகளையே நறுக்குகின்றனர். ஒரு பூப்பருவம் முடிந்தவுடன் ஆண்டுக்கு ஓரிரு முறை வெட்டுதல் அதற்குப் போதும். சீமைக்கிளுவை முதிர்ந்த கிளையில், வறட்சியிற் பூக்கும். குழைக்காக அடிக்கடி வெட்டப்படும் மரம் பூப்பதில்லை. கமக்காரருக்குக் குழையே முதன்மையாதலால் வேலி முழுவதையும் வெட்டி, ஐந்துக்கு ஒரு மரத்தைப் பூவுக்கென விட்டுவைத்தால், தேனீக்களுக்கு வறண்ட மாதங்களில் உணவு கிடைக்கும். அடுத்த நடுகைக்கு விதையும் கிடைக்கும்.

வேரும் நிழலும்

வேலிக்கும் முதற்பாத்திக்கும் இடையே 3 அடியேனும் விடுதல் வேண்டும். இது வீண் நிலமன்று. வெட்டிய குழையைச் சுமக்கவும் பூச்சியைப் பார்வையிடவும் இதுவே பாதை. ஆண்டுக்கொரு முறை, பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும்போது, வேலியிலிருந்து 2 அடி தள்ளி, மண்வெட்டியின் அகலத்தில் ஒன்றரை அடி ஆழமான கானொன்றை வெட்டினாற் பாத்தியை நோக்கிவரும் வேர்கள் அறுபடும். வேலியின் ஒரு பக்கத்து வேரை மாத்திரமே ஓராண்டில் அறுத்தல் நன்று. மறுபக்கம் செடியைத் தாங்கிநிற்கும். சமமட்ட வேலிகளில் இக்கானை வெட்டலாகாது. அங்கே மண்ணைப் பிடித்து நிற்பது வேரே.

இலங்கையில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் வேலி நிழல் பொருட்டன்று எனச் சிலர் கருதுவர். டிசெம்பர் மாதத்திற் சூரியன் தெற்கே சாய்வதால், 4 அடி உயர வேலியின் நிழல் நண்பகலிலும் வடக்கே இரண்டரை அடியளவு விழும். வடக்குத் தெற்காக ஓடும் வேலி காலையில் மேற்குப் பக்கத்தையும் மாலையிற் கிழக்குப் பக்கத்தையும் நெடுநேரம் மறைக்கும். ஆதலால் பாத்திகளை அடுத்த வேலி 4 அடிக்கு மேற்படலாகாது. நிழலில் விளையக்கூடிய இஞ்சி, வல்லாரை முதலியவற்றை வேலியோரத்திலும், வெயில் வேண்டும் தக்காளியையும் மிளகாயையும் நடுநிலத்திலும் வைத்தல் அறிவுடைமை.

பூச்சியும் நத்தையும்

2008ஆம் ஆண்டிற் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இலங்கையில் முதன்முதற் காணப்பட்டது. மாவு பூசியதுபோற் படர்ந்து பப்பாசியை அழித்த அப்பூச்சி, மரவள்ளியிலும் செவ்வரத்தையிலும் பெருகியது. தெளித்த மருந்துகள் அதன் மெழுகுப் போர்வையை எளிதில் ஊடுருவவில்லை. 2009ஆம் ஆண்டில் விவசாயத் திணைக்களம் அயல்நாட்டிலிருந்து வருவித்து விடுவித்த சிறிய ஒட்டுண்ணிக் குளவியே அதனைப் பெரிதும் அடக்கியது. இதிலிருந்து கமக்காரர் அறியத்தக்கவை இரண்டு. வேலியைப் பாராது பயிரை மாத்திரம் பார்ப்பவர் பூச்சியின் பாதியையே பார்க்கின்றனர். வேலியிற் கண்டபடி மருந்து தெளிப்பவர் பகைவனுடன் காவலனையும் கொல்கின்றனர்.

வாரத்துக்கொரு முறை வேலியைச் சுற்றிவந்து, தளிரின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். வெண்மூட்டுப்பூச்சி பிடித்த நுனியை உடனே வெட்டிப் பையிலிட்டு எரித்தல் வேண்டும். குழையாகப் பாத்தியில் இடலாகாது. சாரைசாரையாக எறும்பு ஏறும் செடியில் இப்பூச்சியோ அழுக்கணவனோ இருக்கும், எறும்பே வழிகாட்டும்.

ஆபிரிக்க நத்தை கண்டிப் பகுதித் தோட்டங்களிற் பெருந்தொல்லை. மழைக்காலத்தில் வேலியடிச் சருகே அதன் உறைவிடம். வேலியின் அடியில், பாத்தியை நோக்கிய பக்கத்திற் சருகை ஓரடி அகலத்துக்கு நீக்கி வெறுமண்ணாக வைத்தல் வேண்டும். மாலை மழை நின்றபின் பப்பாசி இலை அல்லது கோவா இலைகளை அங்கே பரப்பி வைத்து, இரவில் விளக்குடன் சென்று நத்தைகளைப் பொறுக்கி உப்புநீரில் இட்டு அழிக்கலாம். வெறுங்கையால் தொடாது, உறை அணிந்து எடுத்தல் நலம்.

குரங்கின் தொல்லையை இவ்வேலி தடுக்காது. பன்றி மிகுந்த இடத்திற் பூவேலி மாத்திரம் போதாது. கதியால்களுக்கு இடையே கம்பியும் வேண்டும். எனினும் காய்ந்து உளுத்துப்போகும் வேலிக்காலுக்குப் பதிலாக உயிருள்ள கதியாலே கம்பியைத் தாங்குவதால், ஆண்டுதோறும் கால் மாற்றும் செலவு மிஞ்சும்.

வேலி தரும் பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் வேலிக் குழையை வெட்டித் தோட்டத்திற் புதைப்பதைக் குழை தாழ்த்தல் என்பர். குண்டசாலையின் நெல்வயலுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் அவ்வழக்கம் மிகப் பொருந்தும். சீமைக்கிளுவையின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு நைதரசன் உண்டு. 100 கிலோ பச்சிலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ யூரியாவிலுள்ள நைதரசனைத் தரும். வீதியோரங்களில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியின் குழையும் இதற்கு நிகரானது. பொற்றாசியமும் அதில் மிகுதி. அது தானாகப் பரவும் இயல்புடையதாதலால் வேலியில் நடாமல், இருக்குமிடத்திலிருந்து பூக்குமுன் வெட்டி எடுத்தலே தகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பசளையின்றிக் கமக்காரர் பட்ட துன்பம் மறக்கத்தக்கதன்று. குழை மாத்திரமே போதும் எனக் கொள்வதும் தவறு. ஏக்கருக்கு 80 கிலோ யூரியா இடும் வயலுக்கு, அவ்வளவு நைதரசனைக் குழையாற் கொடுக்க 5 தொன்னளவு பச்சிலை வேண்டும். ஒரு வீட்டு வேலி அத்தனை தராது. ஆயினும் 500 கிலோ குழை கிடைத்தாலும் எட்டுக் கிலோ யூரியா மிஞ்சுகின்றது. மண்ணின் ஈரப்பிடிப்பும் வளர்கின்றது. கடையிற் பசளை கிடையாத நாளிலும் வேலியில் அது கிடைக்கும்.

நெல்வயலுக்கு இடும் குழையை நாற்று நடுவதற்கு அல்லது விதைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன் சேற்றில் மிதித்து அமிழ்த்துதல் வேண்டும். மரக்கறிப் பாத்தியில் அரையடி ஆழத்திற் புதைக்கலாம். அல்லது செடியடியில் மூடாக்காக இடலாம்.

வயற்கரைப் பூவும் நெல்லும்

பூவுக்கும் நெல்லுக்கும் தொடர்பென்ன என வினவலாம். தாய்லாந்து, சீனா, வியட்னாம் ஆகிய நாடுகளில் நெல்வயல்களைச் சூழத் தேனுள்ள பூச்செடிகளை வளர்த்து நடத்திய ஆய்வின் பெறுபேறுகள் 2016ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வயல்களிற் பூச்சிகொல்லி தெளித்தல் நூற்றுக்கு 70 பங்கு குறைந்தது; விளைச்சல் நூற்றுக்கு 5 பங்கு கூடியது. கபிலநிறத் தத்தியின் முட்டையை அழிக்கும் நுண்ணிய குளவிகளுக்குப் பூந்தேனே உணவு. உணவு அருகே இருப்பின் அவை வயலை விட்டு நீங்குவதில்லை.

ஆகையால் வயலை அடுத்த மேட்டு வரம்பில் நொச்சியையும் ஆடாதோடையையும் தாழ்வாக வளர்த்து, இடையிடையே எள்ளையும் விதைத்தல் பயனுடையது. மரக்கறித் தோட்டத்திலும் இந்நன்மை உண்டு. பாகல், புடோல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறாதலால் தேனீ வாராவிடிற் காய் இல்லை. இவை பூக்கும் காலத்தில் வேலியை முழுவதும் வெட்டாது, பூவுடன் விட்டுவைத்தல் வேண்டும்.

ஆண்டு வேலைகள்

யூன், யூலை: தண்டுத் துண்டுகளை நாற்றுமேடையில் வைத்தல்.

ஓகஸ்ட்: அகழி வெட்டி ஆறவிடுதல், பழைய வேலியின் வெற்றிடங்களைக் குறித்துக்கொள்ளுதல்.

செத்தெம்பர்: பெரும்போகத்துக்கான குழையை வெட்டி வயலில் இடுதல், வேர்க்கான் வெட்டுதல்.

ஒக்டோபர், நவம்பர்: புதுச்செடி நடுதல், வெற்றிடம் நிரப்புதல், நத்தை பொறுக்குதல்.

டிசெம்பர்: பாத்தி நிழலைப் பார்த்து வேலித் தலையைத் தாழ்த்துதல்.

சனவரி முதல் மார்ச்சு வரை: பூவுக்கென விட்ட மரங்களைத் தொடாதிருத்தல், புதுச்செடிக்கு மூடாக்கும் நீரும் கொடுத்தல், வெண்மூட்டுப்பூச்சியைக் கவனித்தல்.

மார்ச்சு இறுதி, ஏப்பிரல்: சிறுபோகத்துக்கான குழை வெட்டுதல், முதற்பூ முடிந்த வெட்சியைக் கத்தரித்தல், கூட்டெரு இடுதல்.

ஒருநாளில் வேலி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. இவ்வாண்டு வெண்டி நடும் பக்கத்திலுள்ள செவ்வரத்தையை நீக்கி ஆடாதோடை வைக்கலாம். அடுத்த ஆண்டு மண் கரையும் சரிவிற் சமமட்ட வரிசை ஒன்றை அமைக்கலாம். நடுவதற்குரிய தடி அயலவரின் வேலியிலேயே இருக்கின்றது. நட்டபின் வேண்டுவது வாரத்துக்கொரு பார்வையும் காலத்துக்கொரு வெட்டுமே. அவ்வாறு பேணப்பட்ட வேலி பயிரைக் காக்கும், மண்ணை நிறுத்தும், வயலுக்குக் குழை தரும். வாயிலில் மலரும் தரும்.